கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்: ஸ்கிரைப், கூடுதல் நேரம், மற்ற வசதிகளைக் கேட்டு வாங்குவது எப்படி?

பள்ளியில் இதெல்லாம் ஓரளவு தானாக நடந்திருக்கும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தலைமையாசிரியரே சான்றிதழை வாங்கி, அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு அனுப்பி, ஸ்கிரைபுக்கும் (தேர்வில் நீங்கள் சொல்வதை எழுதுபவர்) கூடுதல் ஒரு மணி நேரத்துக்கும் அனுமதி வாங்கிக் கொடுத்திருப்பார். கல்லூரியில் அப்படி யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். பள்ளியில் கிடைத்த அனுமதி கல்லூரியில் செல்லாது. முதல் செமஸ்டர் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அலுவலகத்துக்குப் போனால், "இதை முன்னாடியே சொல்லியிருக்கணுமே தம்பி" என்பதுதான் பதிலாக இருக்கும்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் சரியான ஆளிடம், சரியான நேரத்தில், எழுத்தில் கேட்டால்தான் அது வேலை செய்யும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மத்தியச் சட்டம் பற்றிய பகுதிகள் நாடு முழுவதற்கும் பொருந்தும்.

முதலில் காகிதங்கள்

மாற்றுத்திறனாளி சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் (யூடிஐடி என்று எல்லோரும் சொல்வது) கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வழி தெரியவில்லை என்றால் உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். அட்டை வருவதற்கு நாளாகும் என்பதால், கல்லூரி சேர்க்கை முடிவதற்குக் காத்திருக்காமல் இப்போதே தொடங்கிவிடுங்கள். பள்ளிக் காலத்தில் வாங்கிய சான்றிதழ் இருந்தால் அதில் செல்லுபடியாகும் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கற்றல் குறைபாடு உள்ளவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சிறுவயதில் கொடுத்த சான்றிதழைப் பெரியவரான பிறகு புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இந்த இரண்டைவிட அதிகம் உதவுவது மூன்றாவது காகிதம் ஒன்று. அதைப் பெரும்பாலானோர் வாங்குவதே இல்லை. 'பார்வைக் குறைபாடு 60 சதவீதம்' என்று சான்றிதழ் சொல்லும். அந்த 60 சதவீதத்தை வைத்துக்கொண்டு வகுப்பில் என்ன செய்ய முடியும், என்ன முடியாது என்று அது சொல்லாது. ஆகவே உங்களைப் பார்க்கும் மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள். 'சாதாரண அச்சைத் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் படிக்க முடியாது, 18 புள்ளி எழுத்தில் கொடுத்தால் படிப்பார்', 'கை நடுக்கத்தால் மூன்று மணி நேரம் எழுத முடியாது, கணினியில் தட்டச்சு செய்வார்' என்பது போல வேலையை வைத்து எழுதிய கடிதமாக இருக்கட்டும். உங்களுக்கு என்ன தேவை என்பதை அலுவலக எழுத்தர் முதல் முதல்வர் வரை எல்லோரும் இதைப் படித்துத்தான் புரிந்துகொள்வார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

முழுச் சட்டத்தையும் படிக்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதில் இரண்டு பிரிவுகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிவு 16, அரசு நிதி பெறும் நிறுவனங்களையும் அரசு அங்கீகரித்த நிறுவனங்களையும் குறிப்பிடுகிறது. ஒவ்வொருவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்கிறது. 'நாங்கள் சுயநிதிக் கல்லூரி, இதெல்லாம் அரசுக் கல்லூரிக்குத்தான்' என்று யாராவது சொன்னால், 'அங்கீகரித்த' என்ற அந்தச் சொல்லைக் காட்டுங்கள். பிரிவு 17, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் செய்ய வேண்டிய மாற்றங்களைப் பேசுகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு மூன்றும் அதிலேயே இருக்கின்றன.

இனி 40 சதவீத விவகாரம். உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குச் சான்றிதழில் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். அதனால் ஸ்கிரைபுக்கும் கூடுதல் நேரத்துக்கும்கூட 40 வேண்டும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒரு தேர்வர் யுபிஎஸ்சி-க்கு (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) எதிராகத் தொடுத்த விகாஷ் குமார் வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. 40 சதவீதத்தை எட்டவில்லை என்பதற்காக ஸ்கிரைபை மறுக்கக் கூடாது என்றது. அதைத் தொடர்ந்து, 40-க்குக் கீழே இருந்து எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது. 40-க்குக் கீழ் இருப்பவர்கள் இந்த இரண்டையும் அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் இவற்றைக் காட்ட வேண்டி வரும்.

யார் முடிவு செய்கிறார்கள்

உங்கள் கல்லூரி தேர்வைத் தானே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரியா? கதை முழுவதும் இதைப் பொறுத்தது. தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அதே வளாகத்தில் இருப்பார், முதல்வர் கையெழுத்திட்டால் ஓரிரு வாரத்தில் உத்தரவு வந்துவிடும். இணைவுக் கல்லூரியில் செமஸ்டர் தேர்வை நடத்துவது பல்கலைக்கழகம். உங்கள் மனு துறைத்தலைவரிடம் தொடங்கி, முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வர வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் இன்டர்னல் தேர்வு, வகுப்பறை, ஆய்வகம், நூலகம் எல்லாம் இரண்டு வகைக் கல்லூரியிலும் முதல்வரின் கையில்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பல்கலைக்கழகத்தைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

சில கல்லூரிகளில் சம வாய்ப்பு மையம் என்றோ, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஒருங்கிணைப்பாளர் என்றோ ஒருவர் இருப்பார். பெயர்ப்பலகை மட்டும் தொங்கும் கல்லூரிகளும் உண்டு. பொறுப்பாளர் யார் என்று முதல் வாரமே விசாரித்துவிடுங்கள். மூத்த மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவரைப் பிடித்தால் இன்னும் நல்லது. எந்த எழுத்தரிடம் கோப்பு தேங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மனு எழுதுவது

எழுத உட்காருவதற்கு முன்னால், ஒரு வாரம் வகுப்புக்குப் போய்வந்து, எங்கெல்லாம் தடுக்கிறது என்று குறித்துவையுங்கள். கரும்பலகை தெரிகிறதா? ஆசிரியர் பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பேசும்போது வாயசைவு தெரியாமல் போகிறதா? இரண்டாம் மாடி ஆய்வகத்துக்கு லிஃப்ட் இருக்கிறதா, அது ஓடுகிறதா? சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை எந்தக் கட்டடத்தில்? மருந்து சாப்பிட்ட பிறகு காலை முதல் பீரியடில் கண் சொருகுகிறதா? இவற்றிலிருந்துதான் உங்கள் பட்டியல் வரவேண்டும். 'எல்லா வசதியும் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று முடியும் மனு கோப்பில் தூங்கிவிடும். 'வேதியியல் பாடத்தின் செய்முறை வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும்' என்று எழுதினால் யாராவது ஒருவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மாதிரிக்கு ஒன்று:

அனுப்புநர்: பெயர், வகுப்பு, பதிவு எண்
பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள்
வழி: துறைத்தலைவர் அவர்கள்
பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16 மற்றும் 17-இன்படி வகுப்பறை, தேர்வு வசதிகள் கோருதல்

ஐயா / அம்மா,

நான் இளங்கலை வரலாறு முதலாம் ஆண்டு படிக்கிறேன். எனக்குப் பார்வைக் குறைபாடு உள்ளது. சான்றிதழ், அடையாள அட்டை, மருத்துவர் கடிதம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். கீழ்க்கண்டவற்றைப் படிப்புக் காலம் முழுமைக்கும் அனுமதித்து எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.
1. இன்டர்னல், மாதிரி, செமஸ்டர் தேர்வுகள் அனைத்திலும் சொல்வதை எழுதுபவர். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம்.
2. வகுப்புக் குறிப்புகளும் பாடப் பகுதிகளும் யூனிகோட் எழுத்துருவில், கணினிக் கோப்பாக, வகுப்புக்கு முன்பே.
3. வரைபட வினாக்களுக்குப் பதிலாக மாற்று வினா.
செமஸ்டர் தேர்வுக்கான கோரிக்கையைப் பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் பரிந்துரைத்து அனுப்பவும் வேண்டுகிறேன்.

'படிப்புக் காலம் முழுமைக்கும்' என்பதை மறக்காமல் சேருங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் இதே நடையை நடக்க வேண்டியிருக்கும். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் அதே மனுவைக் கல்லூரியின் மின்னஞ்சலுக்கும் அனுப்பிவிடுங்கள். வாய்மொழியாக 'சரிப்பா, பாத்துக்கலாம்' என்று சொல்லும் முதல்வர் நல்லவராகவே இருக்கலாம். அவர் மாற்றலாகிப் போனால் அந்த வாக்கும் அவரோடு போய்விடும்.

உங்கள் நோயின் பெயரை வகுப்பில் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது. மனநலப் பிரச்சினை, வலிப்பு, ரத்தக் கோளாறு போன்றவை உள்ளவர்கள் சான்றிதழை முதல்வரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ மட்டும் கொடுக்கலாம். பாட ஆசிரியர்களுக்கு 'இந்த மாணவருக்கு இந்த வசதி அனுமதிக்கப்பட்டுள்ளது' என்ற வரி போதும் என்று மனுவிலேயே கேட்டுவிடுங்கள். இவர்களுக்கு ஸ்கிரைபைவிட வருகைப் பதிவுதான் பெரிய தலைவலி. மருத்துவமனைக்குப் போகும் நாட்கள், உடல் ஒத்துழைக்காத நாட்கள் எல்லாம் சேர்ந்து வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். இறங்கிய பிறகு மருத்துவச் சான்று கொடுப்பதைவிட, இறங்கக்கூடும் என்று முதல் மாதமே எழுதிக் கொடுப்பது நல்லது.

ஸ்கிரைபும் கூடுதல் நேரமும்

இதற்கான அடிப்படை, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதல். பார்வையின்மை, இரண்டு கைகளும் பாதித்த உடல் இயக்கக் குறைபாடு, மூளை முடக்குவாதம் ஆகிய மூன்றுக்கும் கேட்டாலே ஸ்கிரைப் தர வேண்டும். மற்ற வகையினர், எழுத முடியாத உடல் நிலை இருக்கிறது என்று அரசு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் நிலை மருத்துவரிடம் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும். இந்தப் படிவம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் அல்ல, தனி. கடைசி நேரத்தில் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேர இன்டர்னலுக்கு அரை மணி. ஸ்கிரைப் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்பவருக்கும் இந்த நேரம் உண்டு. ஸ்கிரைபை நீங்களே அழைத்து வரலாம், அல்லது தேர்வு நடத்துபவரிடம் கேட்கலாம். நீங்களே அழைத்து வந்தால் அவருடைய படிப்பு உங்கள் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும். பி.ஏ. எழுதும் உங்களுக்கு எம்.ஏ. படிக்கும் அக்கா வந்து எழுத முடியாது. எதுவரை அனுமதி என்று உங்கள் பல்கலைக்கழகத்தின் உத்தரவை வாங்கிப் படித்துவிடுங்கள். வெவ்வேறு பாடத்துக்கு வெவ்வேறு ஸ்கிரைப் வைத்துக்கொள்ளவும் இடம் உண்டு. தமிழ்ப் பாடத்துக்கும் ஆங்கிலப் பாடத்துக்கும் இது மிகவும் உதவும்.

பேசும் கால்குலேட்டர், பிரெய்ல் பலகை, அபாகஸ், பிரெய்ல் வடிவியல் கருவிகள் எல்லாம் உள்ளே அனுமதிக்கப்பட்டவை. கணினியிலோ பிரெய்லிலோ எழுதவும், பெரிய எழுத்தில் வினாத்தாள் கேட்கவும் வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், தட்டச்சு வேகமாக வருபவர்கள் ஸ்கிரைபை நம்பாமல் கணினி கேட்பதே நல்லது. ஸ்கிரைப் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நீங்கள் யோசிக்கும் வேகமும் அவர் எழுதும் வேகமும் ஒத்துப்போவது அபூர்வம். ஆனால் முதல் தடவை கேட்கும்போது அலுவலகம் திகைக்கும். கணினியை ஒரு நாள் முன்பே சோதித்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

ஸ்கிரைபோடு தேர்வுக்கு முன்பே இரண்டு மாதிரித் தேர்வாவது எழுதிப் பாருங்கள். தேர்வு நடத்துபவர் ஆள் கொடுத்தாலும், இரண்டு நாள் முன்பே அவரைச் சந்தித்து, சரியாக எழுதுகிறாரா என்று பார்த்துக்கொள்ள வழிகாட்டுதல் இடம் தருகிறது. 'பத்தி', 'அடிக்கோடு', 'பக்கவாட்டுக் குறிப்பு' என்று நீங்கள் சொன்னதும் அவர் கை போக வேண்டும். பாடத்தின் கலைச்சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து எழுத்துக்கூட்டிப் பழக்குங்கள். இன்னொருவர் பெயரையும் மாற்று ஆளாக மனுவில் சேருங்கள். தேர்வன்று காலை காய்ச்சல் என்று போன் வருவது நடக்கிற விஷயம்தான்.

இதையெல்லாம் முதல் இன்டர்னலிலேயே கேளுங்கள். 'சின்னத் தேர்வுதானே, சமாளித்துவிடலாம்' என்று விட்டால் மதிப்பெண் போகும். அதோடு, பிறகு செமஸ்டருக்குக் கேட்கும்போது 'இன்டர்னலில் தானே எழுதினாரே' என்ற கேள்வியும் எழும்.

தேர்வு அறைக்குப் போகும்போது அனுமதி உத்தரவின் நகலை ஹால் டிக்கெட்டோடு சேர்த்து எடுத்துப் போங்கள். 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடு உள்ள மாணவி ஒருவருக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல், மற்றவர்களோடு சேர்த்தே விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். அவ்னி பிரகாஷ் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போனது. தவறு மாணவியுடையது அல்ல என்று நீதிமன்றம் ஏற்றது, ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. ஆகவே தேர்வு தொடங்குவதற்கு முன்பே தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்த்து, உங்கள் தேர்வு எத்தனை மணிக்கு முடியும் என்று சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். தரைத்தளத்தில் இடம் வேண்டும் என்பதையும் அப்போதே உறுதி செய்யுங்கள்.

பாடப் பொருள்: பாமினி என்ற தொல்லை

ஸ்கிரீன் ரீடர் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்துப் படிப்பவர்கள் தமிழ்வழியில் சந்திக்கும் பெரிய முட்டுக்கட்டை எழுத்துரு. பல துறைகளில் குறிப்புகள் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் அதை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று வாசிக்கும். ஏனென்றால் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. ஆசிரியருக்கு இது தெரிய வாய்ப்பில்லை, 'அதான் சாஃப்ட் காப்பி கொடுத்தேனே' என்பார். கோப்பு வேர்டில் இருந்தால், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, ஸ்கிரீன் ரீடர் தமிழாகவே வாசிக்கும் யூனிகோடாக்கிவிடலாம். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் ஓரளவு நல்ல தமிழ் உரை கிடைக்கும். பிழை இருக்கும், நண்பர் ஒருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

புத்தகத்தை ஸ்கேன் செய்யக் கேட்டால் நூலகர் பதிப்புரிமை என்று தயங்கலாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அணுகத்தக்க வடிவில் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அச்சுப் புத்தகம் படிக்க இயலாதவர்கள் உறுப்பினராகலாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது.

காது கேளாதவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். சென்னை மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. மற்ற கல்லூரிகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது அரிது. கிடைக்கும்வரை கேட்க வேண்டியவை: முன்வரிசை இடம், ஆசிரியர் முகம் பார்த்துப் பேசுவது, குறிப்புகள் எழுத்தில், வாய்மொழித் தேர்வில் கேள்விகளை எழுதிக் காட்டுவது. ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற செயலி தமிழ்ப் பேச்சையும் எழுத்தாக்கும். வகுப்பில் போன் வைத்துக்கொள்ள அனுமதியை உத்தரவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் நாளே பிடுங்கிவிடுவார்கள்.

அறிவியல் பாடங்களில் ஆய்வக உதவியாளர் கேட்கலாம். 2018 வழிகாட்டுதல் ஸ்கிரைபோடு சேர்த்தே அவரையும் சொல்கிறது. நீங்கள் சொல்லச் சொல்ல அவர் கருவியைக் கையாளுவார். முடிவை எடுப்பதும் விளக்குவதும் உங்கள் வேலை.

மறுத்தால்

முதலில் கோபப்படாமல் ஒன்று செய்யுங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள். 'இயலாது என்றால் காரணத்துடன் பதில் தரவும்' என்று நினைவூட்டுக் கடிதம் கொடுத்தால், பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும். பதிலே வராவிட்டால், அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 'இந்தத் தேதியில் கொடுத்த மனுவின் நிலை என்ன' என்று 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அதற்கும் மேலே மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மனு, சீல் வைத்த நகல், மறுப்புக் கடிதம் மூன்றையும் இணைத்து அவருக்கு எழுதுங்கள். விசாரிக்கும்போது ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரைத்தால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அந்த நிறுவனம் மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும். தேர்வு நெருங்கிவிட்டதென்றால் அந்த மூன்று மாதம் உங்களுக்கு உதவாது. அப்போது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, அங்கே முதலில் போங்கள்.

உத்தரவு வந்ததும் ஒரு நகலைத் துறைத்தலைவருக்கும், ஒன்றைத் தேர்வுப் பிரிவுக்கும் கொடுங்கள். மூலத்தை வீட்டில் வையுங்கள். படிப்பு முடிந்து கிளம்பும்போது அந்தக் கோப்பைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முதுகலைக்கு வேறு கல்லூரியில் சேரும்போது, ஏற்கெனவே என்ன வசதியோடு எழுதினீர்கள் என்று கேட்பார்கள். போட்டித் தேர்வுகளின் ஸ்கிரைப் விதிகள் வேறு, அவை அடிக்கடி மாறுபவை. அங்கே ஒவ்வொரு முறையும் அந்தந்த அறிவிப்பைப் படித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.